மாத்திரை போட்டால்தான் தேதி கிழிக்கலாம்

கோபிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்கு வயது 39, திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ரத்ததான முகாமில் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி என்கிற ஈரல் வைரஸ் இருப்பது தெரியவந்தது. டாக்டர் டெனோஃபோவிர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார், வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். உடம்பில் தொந்தரவு ஒன்றுமில்லை. ஆனால் மனுஷன் பேச்சைக் குறைத்துவிட்டார், தனக்கென்று தனித்தட்டு எடுத்து வைத்துக்கொண்டார், கூட்டாளிகள் கூப்பிட்டால் போவதில்லை. மாமியார் தினமும் கீழாநெல்லி அரைத்து நீட்டுகிறார். "முன்னெல்லாம் எங்கள் வீட்டில் லொள்ளுப் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. இப்போது சிரித்தாலே தப்புச் செய்கிற மாதிரி இருக்கிறது. இத்தனை நீண்ட வைத்தியத்துக்கு நான் எப்படித் துணையாக இருப்பது?" என்பது கேள்வி.

சிரிக்கலாம் அம்மிணி, தாராளமாகச் சிரிக்கலாம். யாரோடு, எதைப் பார்த்து என்பதில்தான் கொஞ்சம் பக்குவம் வேண்டும். அதைத்தான் கீழே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் கோயமுத்தூரில் ஈரல், குடல் நோய்களுக்கான வெளிநோயாளிப் பிரிவில் நர்ஸாக இருந்து ரிட்டயர்டு ஆனவள். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் பாடு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் டாக்டர் அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். யார் விடாமல் மாத்திரை சாப்பிடுவார், யார் பாதியில் காணாமல் போவார் என்று அந்தப் பெஞ்சை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். கூட வந்த ஆளோடு ஏதாவது வம்பளந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர் அநேகமாக அடுத்த தடவையும் வருவார். தனியாக வந்து, தெரிந்த முகம் ஏதும் தட்டுப்பட்டுவிடுமோ என்று தூணுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்தால்தான் எனக்கு வெசனமாக இருக்கும்.

ஏனென்றால் இந்த வைத்தியத்தில் ஆளைச் சாய்ப்பது அலுப்பு. தினமும் ஒரு மாத்திரை. போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் தன் மரபுப்பொருளை ஈரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே பதுக்கி வைத்துக்கொள்கிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் அதைப் பெருகவிடாமல் அடக்கும், ஆனால் பதுங்கியிருப்பதை வெளியேற்றாது. அதனால்தான் வருடக்கணக்கு. 'நான்தான் நல்லா இருக்கேனே' என்று ஒருவர் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால், அடங்கியிருந்தது திரும்பக் கிளம்பி ஈரலைக் கடுமையாகத் தாக்கலாம். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது. ஆக, நீங்கள் துணையாக இருப்பது என்றால் பெரிய தியாகமெல்லாம் வேண்டாம். அந்த ஒரு மாத்திரை தினமும் உள்ளே போக வேண்டும், போகும்போது அவர் குறுகிப் போகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்வதற்கு லேசு.

பெருந்துறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இதை எப்படிச் செய்தது என்று சொல்கிறேன். ஜவுளிக்கடையில் கொடுத்த தினசரி காலண்டர் ஒன்று அவர்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கும். ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் ஒரு சட்டம் போட்டாள். ராத்திரி அப்பா மாத்திரை போட்டால்தான் அன்றைய தாளைக் கிழிக்கலாம், அதையும் அவள் கையால்தான் கிழிக்கலாம். ஒருநாள் மனுஷன் தறிக்குடோனிலிருந்து வந்த அசதியில் அப்படியே தூங்கிவிட்டார். காலையில் காலண்டரில் இன்னமும் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமைத் தவணை வாங்க வந்த மகளிர் குழு அம்மாவிடம் அவர், "எங்கூட்டுல இன்னும் செவ்வாக்கெழமைதானுங்க, நாளைக்கு வாங்க" என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்தக் கதையை அவரே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். மாத்திரையை மறந்ததற்காக அந்த வீட்டில் யாரும் அவரை அதட்டவில்லை, ஆனால் அதற்கப்புறம் அவர் மறந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. மறந்தால் என்ன செய்வது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்: ஞாபகம் வந்ததும் ஒன்று போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அந்த வேளைக்கு உள்ளதை மட்டும் போட வேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

அடுத்து அந்தத் தனித்தட்டு. இன்றைக்கு ராத்திரியே அதை எடுத்துப் பரணில் போடுங்கள். ஹெபடைடிஸ் பி சோற்றில், தண்ணீரில், எச்சில் தட்டில் பரவாது. கட்டிப்பிடித்தால், தும்மினால், ஒரே டம்ளரில் குடித்தால் வராது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் வழி. தனியாக வைக்க வேண்டியவை ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. சலூனுக்குப் போனால் புது பிளேடு மாற்றச் சொல்ல வேண்டும். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுவது ஏ, இ என்கிற வேறு இரண்டு வகை. ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் மஞ்சக்காமாலை என்பதால் இந்தக் குழப்பம். அரிசியும்பருப்புச் சாதம் ஆக்கிய சட்டியை நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். வாயால் ஆயிரம் ஆறுதல் சொல்லிவிட்டுத் தட்டைத் தனியாக வைத்தால் அவர் தட்டைத்தான் நம்புவார்.

யாரிடம் சொல்வது என்பதுதான் எல்லோருக்கும் பெரிய கஷ்டம். ஊருக்கே சொல்ல வேண்டாம். ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள், ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். அந்த ஆள் யார் என்று என்னைக் கேட்டால், உங்கள் கூடப்பிறந்தவரைத்தான் கைகாட்டுவேன். பங்காளியிடம் சொன்னால் அது நாளைக்குப் பாகப்பிரிவினைப் பேச்சில் வந்து நிற்கும், பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது முளைக்கும். மாமன் மச்சான் உறவு அப்படி இல்லை. கேலி பண்ணுவதற்கென்றே நம் பெரியவர்கள் உண்டாக்கி வைத்த உறவு அது. அண்ணன் தம்பி சொன்னால் தப்பாகிப் போகிற வார்த்தையை மச்சான் சொன்னால் சிரிப்பாகிவிடும். பெஞ்சில் நான் பார்த்த நல்ல ஜோடிகளில் பாதிக்கு மேல் மச்சான்–மாப்பிள்ளை ஜோடிகள்தான். மனைவிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் கூட வந்தால் டாக்டர் சொன்னதை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள், ஆனால் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறது மச்சான் வந்த அன்றைக்குத்தான்.

மச்சானுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, கிடாவெட்டில். ஈரலில் சீக்கு உள்ளவர் சாராயம், பீர், கள் எதையும் தொடாமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் கோயில் நோம்பியில் பந்தலுக்குப் பின்னால் ஆம்பளைகள் கூடுகிற இடத்தில் 'எனக்கு வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் விடுவார்களா? ஏன், என்ன, எப்போதிருந்து என்று குடைவார்கள். அதற்குப் பயந்தே பலர் ஒறம்பரை வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் ஆள் தனியாகிவிடுகிறார். அந்த இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கோலி சோடா குடிக்க ஒரு ஆள் இருந்தால் போதும், பேச்சு திசைமாறிவிடும். ஒருவர் கிடாவெட்டில் ஈரல் வறுவல் பரிமாறும்போது, "ஆட்டு ஈரலுக்குப் பாரு மருவாதிய, என்ற ஈரலுக்கு மாத்தரைதான்" என்று மச்சான் காதில் கிசுகிசுத்தாராம். இரண்டு பேரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பந்தியில் யாருக்கும் புரியவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால் அதை இப்படிக் காப்பாற்றலாம்.

ஒன்று கவனித்தீர்களா? இந்தக் கதைகளிலெல்லாம் முதல் கேலி நோயாளியின் வாயிலிருந்து வந்தது. அதுதான் முறை. அவர் ஆரம்பிக்கட்டும், நீங்கள் பின்பாட்டுப் பாடுங்கள். அவர் ஆரம்பிக்காத நாளில் நீங்களாக வலிய இழுத்தால் அது குத்தலாகிவிடும். அதுவரைக்கும் சிரிக்க வேறு எத்தனையோ இருக்கிறது: டோக்கன் நம்பரை யாருக்கும் கேட்காமல் கூப்பிடுகிற ஆள், லேப் ரிப்போர்ட்டில் ஊர்ப் பெயரை இன்ஷியலாகப் போட்ட கம்ப்யூட்டர், போனில் வைத்தியம் சொல்கிற சித்தப்பா. ஆஸ்பத்திரியை, க்யூவை, சொந்தக்காரர்களைக் கேலி செய்ய யார் அனுமதியும் வேண்டாம். கவுண்டமணி பிறந்த சீமைக்காரர்களுக்கு நான் இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், உங்களவருக்கும் எடுத்திருக்கலாம். ஈரலில் தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கிற பரிசோதனை. வெறும் வயிற்றோடு போய் மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினால் விரலால் சுண்டுகிற மாதிரி ஒரு தட்டு விழும். இப்படிப் பத்துத் தடவை. வலிக்காது. காங்கயத்தில் கொப்பரைக் களம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் நாலைந்து தட்டு வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, "ஏனுங்க, தேங்கா முத்தீருச்சான்னு நாங்க களத்துல தட்டிப் பாக்கற மாதரயே பாக்கறீங்க. எளநியா, தேங்காயா, இல்ல கொப்பரையே ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார். டெக்னீசியன் பையன் சிரித்ததில் கருவி நழுவி, அந்தத் தட்டைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. கதை அன்றைக்கே பெஞ்சுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாராவது ஸ்கேனுக்கு எழுந்தால், "எளநியா வாங்க" என்று மற்றவர்கள் வழியனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதை ஒரு ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். வைரஸ் அடங்கி இருந்தால் வருடங்கள் போகப்போகத் தழும்பு குறைவதும் உண்டு, அதனால் அடுத்த தடவை எண் இறங்கி வந்தவர்கள் வெளியே வந்து "பரவால்லீங்க, தேங்காய்தான்" என்று அறிவித்துவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பெஞ்சுப் பழக்கம் இன்டர்ஃபெரான் காலத்தில் இன்னும் பலமாக இருந்தது. அப்போது ஹெபடைடிஸ் சி என்கிற இன்னொரு ஈரல் வைரஸுக்கு வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, அதோடு தினமும் ரிபாவிரின் மாத்திரை. வைரஸின் வகையைப் பொறுத்து 24 வாரமோ 48 வாரமோ போகும். ஊசி போட்ட ராத்திரி குளிர்காய்ச்சல் அடிக்கும், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும், முடி கொட்டும். எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுவார்கள், சிலர் மனசு உடைந்தே போவார்கள், அது அந்த மருந்துக்கே உள்ள குணம். சனிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கொண்டால் ஞாயிறு படுத்துக்கிடந்து திங்கள் வேலைக்குப் போகலாம் என்பது கணக்கு. தாராபுரத்திலிருந்து வருகிற தம்பதி ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் ஊசி மருந்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போவார்கள். பழக்கமாகிப்போன கண்டக்டர் ஒருநாள், "வாரா வாரம் பிளாஸ்க்கோட வர்றீங்க, நமக்கும் ஒரு வாய் டீ ஊத்தறதுங்களா" என்று கேட்டுவிட்டார். "இது குடிச்சா உங்களுக்கும் முடி கொட்டும் பரவால்லீங்களா" என்றிருக்கிறார் அந்த அம்மா. சனிக்கிழமைக்காரர்கள் நாலைந்து பேர், சோமனூர்த் தறிக்காரர், அன்னூர் வாத்தியார் என்று ஆளுக்கு ஒரு திசை, தங்களுக்குள் போன் நம்பர் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு யாருக்கு எத்தனை டிகிரி என்று விசாரிப்பார்கள். காய்ச்சல் கம்மியாக இருந்தவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு சி-க்கு சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் என்று மாத்திரைகள் வந்துவிட்டன. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் முடிந்துவிடுகிறது, 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். பி-க்காரர்களுக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை, அதனால் அந்தக் கூட்டாளித்தனம் இப்போது அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. அதன் சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மாத்திரை வாங்குகிற நாளில் அதே முகங்கள் திரும்பத் திரும்பத் தென்படும். பக்கத்து ஊர்க்காரர் யாராவது இருந்தால் தேதியைக் கேட்டு அதே நாளில் வரப் பாருங்கள். பஸ்ஸிலேயே பாதிப் பேச்சு ஓடிவிடும்.

கேலியில் ரண்டு விஷயத்தை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். ஒன்று, "தண்ணி போட்டு வந்திருக்கும்" என்பது. ஈரல் என்றாலே சாராயம் என்று முடிவு கட்டுகிற ஊர் நம்முடையது. ஒரு சொட்டும் தொடாதவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக் கூசிப்போவதை நிறையப் பார்த்தாயிற்று. இன்னொன்று, "எங்க போயி வாங்கிட்டு வந்தே" என்பது. இதை யாராவது விளையாட்டாகச் சொன்னாலும் உங்கள் மனசில் அது முள்ளாக நிற்கும், எனக்குத் தெரியும். அதற்குப் பதில் இருக்கிறது. வளர்ந்த வயதில் ஹெபடைடிஸ் பி தொற்றினால் 100 பேரில் 95 பேருக்கு உடம்பே அதைத் துரத்திவிடும். நாள்பட்டுத் தங்குவது பெரும்பாலும் பிறந்தபோதோ சின்னக் குழந்தையாக இருந்தபோதோ தொற்றியவர்களுக்குத்தான். பச்சைக் குழந்தையாக இருக்கும்போது வந்தால் 100-க்கு 90 பேருக்குத் தங்கிவிடும். உங்கள் வீட்டுக்காரர் பிறந்த காலத்தில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடுகிற வழக்கமே இங்கே கிடையாது. அவர் 39 வருடமாக இதைத் தெரியாமலே சுமந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. நீங்களும் அவரும் தனியாக இருக்கும்போது இதை ஒரு தடவை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். வீட்டில் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் அநேகமாக இந்தக் கேள்விதான், மாத்திரை இல்லை.

அப்படியென்றால் அத்தைக்கும் இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். ஆமாம், அவருக்கும் உங்களவருடைய கூடப்பிறந்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆனால் 'உங்ககிட்டயிருந்து வந்திருக்கும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த அம்மா தாங்க மாட்டார். 'வீட்டுல எல்லாரும் எடுக்கறோம் அத்தை, நீங்களும் வாங்க' என்றால் போதும்.

கீழாநெல்லி விஷயத்தில் அத்தையோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். அவர் சொல்வதில் ஒரு துளி வரலாறு இருக்கிறது. சென்னை ஆராய்ச்சியாளர்கள் கீழாநெல்லி கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்று 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கே அந்த ஆய்வில் சேர்ந்திருந்தார். ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ, இ வகைக் காமாலை சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், அந்தப் பேரை மூலிகை வாங்கிக்கொள்கிறது. மாத்திரைக்குப் பதிலாக எதுவும் கூடாது, பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத லேகியம் சூரணம் ஈரலையே கெடுக்கலாம். இவ்வளவும் அத்தையிடம் டாக்டர் சொல்லட்டும், அடுத்த தடவை அவரையும் கூட்டிப் போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். பிறகு அவருக்கு வேறு வேலை கொடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு "சாமி, மாத்தரை போட்டியா" என்று கேட்கிற உரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள். அம்மா கேட்டால் அவர் எரிந்துவிழ மாட்டார்.

சிரிப்புக்கு எட்டாத நாட்களும் வரும். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வேலைக்குப் போக மனமில்லாமல், 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அதைக் கேலியால் மூடப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவர் பேச மாட்டேன் என்றால் முதலில் நீங்கள் பேசுங்கள்.

கேள்வி முழுக்க அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் பரிசோதனை எடுத்தீர்களா என்று எழுதவில்லை. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வாரமே எடுங்கள். தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட வேண்டும்: இன்றைக்கு ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. பிள்ளைகளுக்குக் குழந்தையிலேயே போட்டிருப்பார்கள், அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு மூன்றாவது ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எடுப்பது நல்லது. அதுவரை ஆணுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசி போடப் போகிற மூன்று தடவையும் அவரையே துணைக்குக் கூட்டிப் போங்கள். ஊசிக்கு நீங்கள் பயப்படுகிறவர் என்றால் இன்னும் விசேஷம், கேலி பண்ணுவதற்கு அவருக்கு ஆறு மாதத்துக்கு விஷயம் கிடைக்கும்.